ஒயிட்டிங் என்னும் உணவுமீனும் அதன் பெயர்ப் பரவலும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

வடகிழக்கு அட்லாண்டிக் கடலில் வாழும் காட் மீன் குடும்பத்தைச் சார்ந்த ஒரு சிற்றினம் ஆங்கிலத்தில் ஒயிட்டிங் எனப்படுகிறது. இதே பெயர் ஆஸ்திரேலியா, வடஅமெரிக்கா, இந்தியா முதலிய நிலப்பகுதிகளில் ஒன்றோடொன்று உறவற்ற பல மீன்களுக்கு வழங்கப்பட்டுள்ளது. தமிழகக் கடற்கரையின் கிழங்கான் மீனும் ஆங்கில நூல்களில் ஒயிட்டிங் என்றே குறிக்கப்படுகிறது. இப்பெயர் எவ்வழிகளில் பரவியது, ஒவ்வொரு பரவலுக்கும் பின்னணியாக அமைந்த சமூக, பொருளியல் காரணங்கள் யாவை, அவை மீன்வள ஆவணங்களிலும் தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திலும் எத்தகைய சிக்கல்களை உருவாக்கியுள்ளன என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஒயிட்டிங், கிழங்கான், மீன் பெயர்கள், குடியேற்ற வரலாறு, கலைச்சொல்லாக்கம், உணவு வரலாறு.

முன்னுரை

ஓர் உயிரினத்தின் பெயர் அதன் இயல்பை மட்டும் சுட்டி நிற்பதில்லை. அப்பெயரை இட்டவர் எங்கிருந்து வந்தார், எதனை உண்டார், எதனை விற்க விரும்பினார் என்பனவற்றையும் அது தன்னுள் பதிவுசெய்து வைத்திருக்கிறது. மீன் பெயர்களில் இவ்வியல்பு மிகுதியாகக் காணப்படுகிறது. விலங்குகளையும் பறவைகளையும் மக்கள் உயிரோடு கண்டு பெயரிடுகின்றனர். மீனையோ பெரும்பாலோர் சந்தையிலும் தட்டிலுமே காண்கின்றனர். ஆதலின் சதையின் நிறம், சுவை, சமைக்கும் முறை ஆகியன மீனின் பெயரைத் தீர்மானிக்கும் ஆற்றல் பெற்றுவிடுகின்றன.

இக்கருத்தை விளக்குவதற்கு ஒயிட்டிங் என்னும் சொல் தக்க சான்றாக அமைகிறது. மூலப்பெயருக்கு உரிய மீன், அதன் பெயரைப் பெற்ற பிற மீன்கள், பெயர் மாற்றத்தின் விளைவுகள் என்னும் வரிசையில் இக்கட்டுரை அமைகிறது.

மூலப்பெயருக்கு உரிய மீன்

1758ஆம் ஆண்டில் லின்னேயஸ் இம்மீனைக் காடஸ் மெர்லாங்கஸ் எனக் குறித்தார். இன்று இது மெர்லாங்கியஸ் மெர்லாங்கஸ் என வழங்கப்படுகிறது. ஐஸ்லாந்து, நார்வே கடற்பகுதிகள் தொடங்கிப் போர்ச்சுகல் வரையிலும், மத்தியதரைக் கடலின் சில பகுதிகளிலும் கருங்கடலிலும் இது வாழ்கிறது. வடகடல் இதன் முதன்மையான வாழிடங்களுள் ஒன்றாகும். மூன்று முதுகுத்துடுப்புகளும் இரண்டு குதத்துடுப்புகளும் கொண்டிருப்பதால் இது காட் குடும்பத்தது என்பது வெளிப்படை. மார்புத்துடுப்பின் அடியில் காணப்படும் கரும்புள்ளி இதன் அடையாளமாகும். சந்தைக்கு வருவன பெரும்பாலும் 30 முதல் 40 செ.மீ. நீளமுடையவை.

இங்கிலாந்தில் இச்சொல் இடைக்கால ஆங்கிலத்திலேயே வழக்கிலிருந்தது. டச்சு மொழியின் வெய்ட்டிங், ஜெர்மன் மொழியின் விட்லிங் ஆகிய பெயர்களோடு இது தொடர்புடையது. இவை யாவும் வெண்மைப் பொருளை அடியாகக் கொண்டவை. பெயரின் தொடக்கமே சதையின் நிறத்தையும் தோலின் வெள்ளிய ஒளியையும் சார்ந்திருந்தமை கருதத்தக்கது. பின்னாளில் உறவற்ற மீன்களுக்கு இப்பெயர் எளிதில் ஒட்டிக்கொண்டதற்கு இதுவே முதற்காரணமாகும். வெண்சதை மீன்கள் எக்கடலிலும் உள்ளன.

உணவு மரபில் ஒயிட்டிங்

காட் குடும்ப மீன்கள் தம் கொழுப்பைச் சதையில் சேமிக்காமல் ஈரலில் சேமிக்கின்றன. இதனால் ஒயிட்டிங்கின் சதை மெலிந்து, எளிதில் செரிக்கத்தக்கதாக உள்ளது. நோயுற்றோருக்கும் குழந்தைகளுக்கும் உரிய உணவாக ஆங்கில, பிரெஞ்சு இல்லங்களில் இது கருதப்பட்டது. எனினும் அம்மென்மையே அதன் குறையாகவும் அமைந்தது. இம்மீன் விரைவில் கெட்டுவிடும். காட் மீனை உப்பிட்டு உலர்த்திப் பெருங்கடல் கடந்து விற்க முடிந்தது. ஒயிட்டிங்கோ பெரும்பாலும் பிடித்த கரையை ஒட்டியே உண்ணப்பட்டது.

இப்பொதுநிலைக்கு ஸ்காட்லாந்து ஒரு விலக்காகும். அங்கு ஒயிட்டிங்கைப் பிளந்து, உப்பிட்டு, வெயிலில் உலர்த்தி ஸ்பெல்டிங் என்னும் கருவாடாக்கினர். 1773ஆம் ஆண்டுப் பயணத்தின்போது சாமுவேல் ஜான்சனை இதனைச் சுவைக்கச் செய்ததையும், அவருக்கு அது பிடிக்காமற் போனதையும் ஜேம்ஸ் பாஸ்வெல் தம் பயண நூலில் பதிவுசெய்துள்ளார். ஒரே மீன் ஒரு கரையில் நோயாளியின் உணவாகவும் மற்றொரு கரையில் உழைப்பாளியின் கருவாடாகவும் விளங்கியமையை இது காட்டுகிறது.

சமய நோன்பும் அரசியலும் மீன் நுகர்வை வடிவமைத்தன. கிறித்தவ நோன்பு நாள்களில் இறைச்சி விலக்கப்பட்டதால் மீனுக்கு நிலையான தேவை இருந்தது. சீர்திருத்தத்திற்குப் பின்னர் அத்தேவை குறைந்தது. 1563ஆம் ஆண்டில் முதலாம் எலிசபெத்தின் அரசு வெள்ளி, சனிக்கிழமைகளோடு புதன்கிழமையையும் மீனுண்ணும் நாளாகச் சட்டமாக்கியது. இதன் நோக்கம் சமயம் சார்ந்ததன்று. கடற்படைக்கு வேண்டிய மாலுமிகளை உருவாக்கும் மீன்பிடித் தொழிலைக் காப்பதே அதன் குறிக்கோளாக இருந்தது.

பிரெஞ்சு, ஆங்கிலச் சமையலில் ஒயிட்டிங்கின் வாலை அதன் வாயில் செருகி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிக்கும் முறை பரவலாக இருந்தது. பிரான்சில் இதனைச் சினங்கொண்ட மெர்லான் என்று அழைத்தனர். லூயிஸ் கரோல் 1865இல் வெளியிட்ட ‘ஆலிஸின் அற்புத உலகம்’ நூலில் இவ்வழக்கம் நகைச்சுவையாக இடம்பெறுகிறது. ஒயிட்டிங்கைத் தட்டில் மட்டுமே கண்ட சிறுமி, வாயில் வாலும் உடல் முழுதும் ரொட்டித்தூளுமாக அது கடலில் வாழ்வதாக எண்ணுகிறாள். மீனை மக்கள் அறிவது உணவுத்தட்டின் வழியாகவே என்னும் உண்மையை இக்காட்சி எள்ளலோடு உணர்த்துகிறது. அதே பகுதியில் மற்றொரு சொல்விளையாட்டும் உண்டு. சுண்ணாம்புக்கல்லை நுண்ணிதாக அரைத்துக் கழுவிப் பெறும் வெண்பொடியும் ஆங்கிலத்தில் ஒயிட்டிங் எனப்படும். நிலத்தில் காலணிக்குக் கருமை பூசுவதுபோலக் கடலடியில் வெண்மை பூசுவதற்கு இம்மீன் பயன்படுகிறது என்பதே அந்நகைச்சுவை.

பிரெஞ்சு மொழியிலும் இத்தகைய பொருள் விரிவு நிகழ்ந்துள்ளது. 18ஆம் நூற்றாண்டில் பொய்முடி ஒப்பனையாளர்கள் வெண்பொடி படிந்த உடலோடு காணப்பட்டமையால், பொரிப்பதற்காக மாவில் புரட்டிய மீனோடு ஒப்பிட்டு அவர்களை மெர்லான் எனக் கேலியாக அழைத்தனர். மீனிலிருந்து மனிதருக்குப் பெயர் சென்ற நிகழ்வு இது. மேலும் மார்சேய் உள்ளிட்ட மத்தியதரைக் கடற்கரைப் பகுதியில் மெர்லான் என்னும் பெயர் ஒயிட்டிங்கைக் குறிக்காமல் ஹேக் என்னும் வேறு மீனைக் குறிக்கிறது. பெயர்மயக்கம் குடியேற்ற நாடுகளில் தோன்றுவதற்கு முன்பே ஐரோப்பாவினுள்ளேயே அதற்கு இடமிருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

பெயரின் முதற்பயணம்: குடியேறியோரின் நினைவு

1788ஆம் ஆண்டு தொடங்கி ஆஸ்திரேலியாவில் குடியேறிய பிரித்தானியர் தாம் அறியாத உயிரினங்களுக்குத் தாயகப் பெயர்களையே இட்டனர். அங்குள்ள மர்ரே காட் உண்மையில் காட் மீனன்று. ஆஸ்திரேலிய சால்மன் சால்மன் மீனுமன்று. இவ்வரிசையில்தான் சில்லாகினிடே குடும்ப மீன்கள் ஒயிட்டிங் என்னும் பெயரைப் பெற்றன. நீண்டு மெலிந்த உடல், கூர்மையான முகம், மணற்பாங்கான ஆழமற்ற கடலில் வாழும் இயல்பு ஆகியன இவற்றின் பண்புகள். முதுகுத்துடுப்புகள் இரண்டே, அவற்றுள் முன்னது முட்கதிர்களைக் கொண்டது. எனவே உடலமைப்பில் காட் குடும்பத்தோடு இவற்றிற்கு எவ்வித நெருக்கமும் இல்லை. மென்மையான வெண்சதை ஒன்றே ஒப்புமைக்குக் காரணமாயிற்று.

இவற்றுள் கிங் ஜார்ஜ் ஒயிட்டிங் என்பது புகழ்பெற்ற உணவுமீனாகும். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிங் ஜார்ஜ் சவுண்ட் என்னும் கடற்கழியின் பெயர் இதனோடு இணைந்துள்ளது. அக்கழிக்கு 1791இல் ஜார்ஜ் வான்கூவர் தம் மன்னரின் பெயரைச் சூட்டினார். பிரெஞ்சு அறிஞர் குவியே 1829இல் இம்மீனை அறிவியல் முறையில் விவரித்தார். ஒரே மீனின் வழக்குப் பெயரில் தாயக உணவும் தாயக மன்னரும் ஒருங்கே இடம்பெற்றிருத்தல் நோக்கத்தக்கது. அக்கரைகளில் நெடுங்காலம் மீன்பிடித்து வாழ்ந்த தொல்குடியினர் வழங்கிய பெயர்கள் சந்தை வழக்கில் இடம்பெறவில்லை.

ஆஸ்திரேலியாவில் இப்பெயர் மேலும் கிளைத்தது. கடற்புல் படுகைகளில் வாழும் வேறொரு குடும்ப மீன்கள் களை ஒயிட்டிங், பாறை ஒயிட்டிங் என அழைக்கப்பட்டன. அவை சில்லாகினிடே குடும்பத்தையும் சாராதவை. ஒருமுறை இடம்பெயர்ந்த பெயர் புதிய நிலத்தில் தானே ஒரு மூலமாகி மேலும் பரவுகிறது என்பதை இது புலப்படுத்துகிறது.

பெயரின் இரண்டாம் பயணம்: சந்தையின் தேவை

வடஅமெரிக்காவில் இப்பெயரின் வரலாறு வேறு போக்கில் அமைந்தது. தென்கிழக்குக் கடற்கரையில் மென்டிசிர்ரஸ் பேரினத்தைச் சார்ந்த, கத்தாளை மீனின் உறவான மீன்கள் ஒயிட்டிங் எனப்பட்டன. வடகிழக்கில் வெள்ளி ஹேக் என்னும் மீன் இப்பெயரைப் பெற்றது. இதன் சதை விரைவில் மென்மையுற்றுக் கெடுவதால் தொடக்கத்தில் இதற்கு மதிப்பில்லை. 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் உறைபதன நுட்பம் வளர்ந்தபின் இது கடலைக் காணாத உள்நாட்டு நகரங்களுக்கும் சென்றது. மலிவான பொரித்த மீன் கடைகளின் உணவாக ஒயிட்டிங் அங்கு நிலைபெற்றது. செயின்ட் லூயிஸ் நகரில் இதற்கு ஜாக் சால்மன் என்னும் மற்றொரு பொருந்தாப் பெயரும் வழங்குகிறது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உணவு வாழ்வில் ஒயிட்டிங் தனியிடம் பெற்றது. 1970களில் எலைஜா முகம்மதின் தலைமையிலிருந்த இசுலாமிய தேசம் என்னும் இயக்கம் பெரு நாட்டிலிருந்து ஒயிட்டிங்கை இறக்குமதி செய்து, தன் உறுப்பினர் வழியாக நகர்ப்புறங்களில் விற்றது. பன்றி இறைச்சியை விலக்கிய அவ்வியக்கத்தின் உணவுநெறிக்கும் பொருளியல் தற்சார்பு முயற்சிக்கும் இவ்வணிகம் துணைநின்றது. பெரு நாட்டில் அம்மீனின் பெயர் மெர்லூசா. அது ஹேக் இனத்தது. கடல் கடந்தபோது அதன் பெயரும் மாறியது.

பசிபிக் கடற்கரையில் நிகழ்ந்த பெயர்மாற்றம் முற்றிலும் திட்டமிட்டதாகும். அங்கு மிகுதியாகக் கிடைக்கும் பசிபிக் ஹேக்கின் தசையில் கூடோவா என்னும் நுண்ணிய ஒட்டுண்ணி உள்ளது. மீன் இறந்தபின் அதனால் வெளிப்படும் நொதி சதையைக் குழையச் செய்கிறது. இதனால் ஹேக் என்னும் பெயரே நுகர்வோரிடம் மதிப்பிழந்திருந்தது. 1960களில் சோவியத் ஒன்றியத்தின் பெருங்கப்பல்களே இதனைப் பேரளவில் பிடித்தன. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமெரிக்கா 200 கடல்மைல் பரப்பில் மீன்பிடி உரிமையைத் தனதாக்கியது. தன்னுடையதாகிவிட்ட மீனுக்கு உள்நாட்டுச் சந்தையை உருவாக்கும் தேவை அதனால் எழுந்தது. 1970களின் இறுதியில் பசிபிக் ஒயிட்டிங் என்னும் விற்பனைப் பெயர் அரசின் ஏற்பைப் பெற்றது. எனினும் பெயர்மாற்றம் மட்டும் சதையின் தன்மையை மாற்றவில்லை. நொதியைக் கட்டுப்படுத்தி, சுரிமி எனப்படும் மீன்கூழாக்கும் நுட்பம் 1990களில் ஓரிகன் கரையில் நிலைபெற்ற பின்னரே இத்தொழில் வளர்ந்தது.

நீல ஒயிட்டிங் இவற்றினின்று வேறுபட்டது. இது காட் குடும்பத்தது ஆதலின் பெயருக்கு உறவு முறையில் உரிமை உடையது. ஆனால் நேரடி உணவாகப் பயன்படுவது குறைவு. பெரும்பகுதி மீன்தூளாகவும் எண்ணெயாகவும் மாற்றப்படுகிறது. 2004ஆம் ஆண்டையொட்டி இதன் பிடிப்பு 20 லட்சம் டன்னைக் கடந்தது. உறவற்ற மீன்கள் ஒயிட்டிங் என்னும் பெயரோடு தட்டில் இடம்பெற, உறவுடைய மீன் தீவனமாவது இப்பெயர் வரலாற்றின் முரணாகும்.

இந்தியக் கரையில்: கிழங்கான்

ஆஸ்திரேலிய ஒயிட்டிங் மீன்களின் குடும்பத்தைச் சார்ந்ததே தமிழகக் கடற்கரையின் கிழங்கான். இதன் அறிவியல் பெயர் சில்லாகோ சிகாமா. ஸ்வீடன் நாட்டு இயற்கை ஆய்வாளர் ஃபோர்ஸ்கால் செங்கடற் பகுதியில் சேகரித்த குறிப்புகளின் அடிப்படையில், அவர் மறைந்தபின் 1775இல் வெளிவந்த நூலில் இது முதன்முதலாக விவரிக்கப்பட்டது. ஆங்கிலேயர் இந்தியக் கரைகளில் இம்மீனையும் ஒயிட்டிங் என்றே அழைத்தனர். காலையுணவில் பொரித்து உண்ணத்தக்க மெல்லிய வெண்மீன் என்னும் நிலையில், தாயகத்து ஒயிட்டிங்கின் இடத்தை இது நிரப்பியது. விடுதலைக்குப் பிந்தைய மீன்வள ஆய்வுகளும் இந்திய மணல் ஒயிட்டிங் என்னும் பெயரையே தொடர்ந்து கையாளுகின்றன.

வட்டாரப் பெயர்கள் வேறுவகை அறிவைத் தாங்கி நிற்கின்றன. கேரளத்தில் இம்மீன் பூழான் எனப்படும். பூழி என்பது மணலையும் புழுதியையும் குறிக்கும் சொல். இம்மீன் அச்சமுற்றால் மணலுக்குள் தலையைச் செலுத்திப் புதைந்துகொள்ளும். கரைவலை மேலே இழுபட்டுச் செல்ல, தான் தப்பிவிடும். இவ்வியல்பை அறிந்த மக்களின் பெயரீடு வாழிடத்தையும் நடத்தையையும் சார்ந்தது. ஆங்கிலப் பெயரோ நிறத்தையும் சமையலையும் சார்ந்தது. மங்களூர்ப் பகுதியில் இது கானெ என்னும் பெயரில் உயர்ந்த விலைக்கு விற்கப்படுகிறது. அங்கும் தமிழகத்திலும் உணவக வழக்கில் லேடி ஃபிஷ் என்னும் ஆங்கிலப் பெயர் பெருகியுள்ளது. உலகின் பிற பகுதிகளில் அப்பெயர் ஈலோப்ஸ் என்னும் முற்றிலும் வேறான மீனைக் குறிக்கிறது. ஆகவே ஒயிட்டிங்கை விடுத்து லேடி ஃபிஷ் என்பதனால் மயக்கம் நீங்குவதில்லை. வேறொரு மயக்கமே தோன்றுகிறது.

பெயர்மயக்கத்தின் விளைவுகள்

பெயர்மயக்கம் சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுவதன்று. ஒரே பெயரில் பல மீன்கள் விற்கப்படும்போது, ஒரு சிற்றினம் குறைந்துவருவது நுகர்வோர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒன்றின் இடத்தை மற்றொன்று அதே பெயரில் நிரப்பிவிடுகிறது. வடகடலில் ஒயிட்டிங் இதர மீன்களோடும், குறிப்பாகச் சிறுகண் வலைகளைக் கொண்டு நடைபெறும் நார்வே இறால் பிடிப்போடும் சேர்ந்து அகப்படுகிறது. அவ்வாறு அகப்பட்ட சிறு மீன்கள் நெடுங்காலம் பெருமளவில் கடலிலேயே வீசப்பட்டு வந்தன. இவ்விழப்பைத் தடுக்கும் பொருட்டே 2015 முதல் 2019 வரை படிப்படியாக, பிடித்தவற்றைக் கரை சேர்க்கும் கடப்பாட்டை ஐரோப்பிய ஒன்றியம் நடைமுறைப்படுத்தியது.

பெயரை முறைப்படுத்தும் முயற்சிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013ஆம் ஆண்டு விதிமுறை, வணிகப் பெயரோடு அறிவியல் பெயரையும் நுகர்வோர் அறியத் தரவேண்டும் என வலியுறுத்துகிறது. ஆஸ்திரேலியா 2007இல் மீன் பெயர்களுக்கான தரநிலையை வகுத்தது. அதில் ஒயிட்டிங் என்னும் பெயர் நீக்கப்படவில்லை, அடைமொழிகளோடு நிலைநிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் ஹேக் இனங்கள் சிலவற்றை ஒயிட்டிங் என்னும் பெயரில் விற்பதற்கு ஏற்பு தொடர்கிறது. மக்கள் வழக்கில் வேரூன்றிய பெயரை அரசு ஆணையால் அகற்ற இயலாது என்பதும், அடைமொழியும் அறிவியல் பெயருமே நடைமுறைத் தீர்வாகும் என்பதும் இவற்றால் பெறப்படுகின்றன.

தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திற்கும் இதில் கருத்தூன்ற வேண்டிய செய்தி உண்டு. ஒயிட்டிங் என்பதனைத் தமிழில் தரும்போது மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, கிழங்கான் எனப் பெயர்த்தல். ஐரோப்பிய மீனைக் குறிக்குமிடத்து இது பிழையாகும். காட் குடும்ப மீனுக்கு வெப்பக்கடல் மீனின் பெயரை இடுதல், குடியேறிய ஆங்கிலேயர் செய்ததையே எதிர்த்திசையில் செய்வதாக முடியும். இரண்டாவது, வெண்மீன் எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தல். வெண்மீன் என்பது பழந்தமிழில் வெள்ளிக் கோளைக் குறிக்கும் சொல். பட்டினப்பாலையின் தொடக்கத்திலேயே அப்பொருளில் பயில்கிறது. இலக்கியப் பயிற்சியுடையோரிடம் அச்சொல் வானத்தையே நினைவூட்டும். மூன்றாவது, ஒயிட்டிங் என ஒலிபெயர்த்து, குடும்பப் பெயரை அடையாகச் சேர்த்தல். ஐரோப்பிய மீனுக்கு இதுவே பொருத்தமானது. சில்லாகோ இனங்களைக் குறிக்குமிடத்தில் ஆங்கில மூலத்தில் ஒயிட்டிங் என்றிருப்பினும் கிழங்கான் என்றே எழுதுதல் வேண்டும். அவ்வாறாயின் ஆஸ்திரேலிய மணல் ஒயிட்டிங்கையும் கிழங்கான் வகை என்று கூறலாம். அவ்விரண்டும் ஒரே பேரினத்தைச் சார்ந்தவை ஆதலின் அது அறிவியலுக்கும் இயைந்ததாகும்.

முடிவுரை

ஒயிட்டிங் என்னும் பெயர் வடகடலின் ஒரு மீனிலிருந்து புறப்பட்டு, குடியேறியோரின் நினைவு, ஆட்சியாளரின் உணவுப் பழக்கம், வணிகரின் விற்பனைத் தேவை ஆகிய மூன்று வழிகளில் உலகெங்கும் பரவியுள்ளது. மூன்றிலும் மீனின் பிறப்புறவு கருதப்படவில்லை. வெண்சதையும் சமையற் பயன்பாடுமே கருதப்பட்டன. இதற்கு மாறாகப் பூழான் போன்ற வட்டாரப் பெயர்கள் மீனின் வாழிடத்தையும் நடத்தையையும் பொதிந்து வைத்துள்ளன.

உணவகங்களிலும் பல்பொருள் அங்காடிகளிலும் ஆங்கிலப் பெயர்கள் பெருகிவரும் சூழலில், தமிழகக் கரையோர மக்கள் வழங்கும் மீன் பெயர்களை அறிவியல் பெயர்களோடு இணைத்து ஆவணப்படுத்துதல் இன்றியமையாதது. கிழங்கான் என்னும் பெயர் மறைந்து, ஒயிட்டிங் அல்லது லேடி ஃபிஷ் என்பது மட்டும் எஞ்சுமானால், அம்மீனைப் பற்றிக் கரையோர மக்கள் திரட்டிய அறிவை அணுகும் வழியும் அடைபடும். பிற கடல்மீன் பெயர்களையும் இம்முறையில் ஆராய்தல் தமிழ்ச் சொல்லாய்வுக்கும் மீன்வள வரலாற்றுக்கும் பயன்தரும்.